வாசல் பக்கத்துக் காவலர்

மொட்டைமாடியின் நான்கு மூலைகளிலும் கல் காவலர்கள் இருந்தார்கள். பேய்கள் நுழையாதபடி தெருவைப் பார்த்து உட்கார வைக்கப்பட்டவர்கள். மழைத் தண்ணீர் அவர்கள் வாய் வழியே தெருவில் கொட்டும். வாசல் பக்கத்துக் காவலர் மட்டும் எப்படியோ உட்புறம் திரும்பிவிட்டார். தண்ணீர் மாடியில் தேங்கியது. வீட்டுக்காரர் கொத்தனாரை அழைத்தார்.

கொத்தனார் கடப்பாரையால் நெம்பிக் காவலரைத் தெருப்பக்கம் திருப்பினார். அடியில் சிமெண்ட் பூசிவிட்டு இறங்கி வந்தார். வாசலுக்கு வெளியே மூன்றாம் மாடித் தையல்காரி காய்கறிப் பையுடன் நின்றிருந்தாள்.

“உள்ள போகலியாம்மா?”

“எப்படிண்ணே போறது? அவரு பாக்கறாரே.”

அவள் மேலே கைகாட்டினாள். “நான் பேய்ண்ணே. என்னை உள்ள விடக்கூடாதுங்கறதுதான் அவரு வேலை. எனக்காகத்தான் இத்தனை நாளா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாரு.”

நல்ல வெயில். அவள் கையிலிருந்த பைக்கு மட்டும்தான் நிழல் விழுந்திருந்தது.

“கல்லுக்குக் கழுத்து சுளுக்கியிருக்குமே?” என்றார் கொத்தனார்.

“தினம் தைலம் தேச்சு விடறேன்ல.” வெட்கப்பட்டாள். உடனே கண் கலங்கியது. “சிமெண்ட் காஞ்சிட்டா அவ்வளவுதான்ணே. நான் வேற வீடுதான் பாக்கணும்.”

கொத்தனார் கடப்பாரையோடு மறுபடி படியேறினார்.

அதற்கு வேலை இருக்கவில்லை. காவலர் தெருப்பக்கமேதான் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் இருந்த கைகள் இரண்டும் இப்போது கண்களைப் பொத்தியிருந்தன.

கொத்தனார் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, “வாம்மா, சீக்கிரம் வா” என்றார்.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எப்போதும் பிளந்திருந்த கல் வாய் இறுக மூடி, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.