சாதா பிளக்

இரண்டு கையிலும் இரண்டு பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எலக்ட்ரீசியன் மகராசன் நின்றான்.

போர்ட்டிகோ சுவரில் துளை போட்டாயிற்று. சோலார் பேனல்கள் காலையிலேயே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டன. கோவில்பட்டியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வந்ததில்லை. தெற்கே பார்த்துச் சாய்ந்தபடி அவை ராத்திரிக்கான கரண்டைப் பேட்டரியில் சேர்க்கத் தொடங்கியிருந்தன.

"அண்ணாச்சி, இது வெல கூடுனது. கார் வந்து நின்னு, நீங்க சோறு தின்னு, ஒரு தூக்கம் போட்டு எந்திக்கதுக்குள்ள சார்ஜ் ஏறிரும். இது சாதா பிளக்கு. ராத்திரி பூரா மாட்டிக் கெடக்கணும். மறுநா மத்தியானம் ஆனாலும் ஆவும்."

அவர் இரண்டையும் பார்த்தார்.

"நல்லாத் தெரியுமாடே? ராத்திரி பூரா ஆவுமா?"

"ஆவும் அண்ணாச்சி. அதுக்குத்தான சொல்லுதேன்."

"அப்ப சாதாவையே மாட்டு."

மாடி நிறையப் பேனல் போட்ட மனுஷன் கடைசியில் போய்க் கஞ்சத்தனம் பண்ணுகிறாரே என்று மகராசன் நினைத்திருப்பான்.

நினைக்கட்டும்.

அவருக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. சொந்த வண்டி என்று இருந்தது ஒரு சைக்கிள். அதுவும் காற்று இறங்கிப் போர்ட்டிகோவில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அதை இன்றைக்குக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் சாத்திவிட்டார்.

கார் செண்பகாவுடையது. அவருடைய ஒரே மகள். திருச்சியில் இருக்கிறாள்.

அம்மா இறந்த பிறகு அவள் இந்த வீட்டில் ராத்தங்கியதில்லை. வருவாள். ஃபிரிட்ஜைத் துடைப்பாள். மாத்திரை டப்பாவை நிரப்புவாள். அவரைத் திட்டுவாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவாள்.

"இங்க சார்ஜ் போட வழி இல்லப்பா. இருட்டுறதுக்குள்ள மதுரைக்குப் போயி ஏத்தியாகணும்."

அது சாக்கு என்று அவர் நினைத்ததில்லை. நினைக்கப் பயமாக இருந்தது.

ஒரு ராத்திரி. அவர் ஏங்கியது அவ்வளவுக்குத்தான்.

கூடத்தில் இன்னொரு ஆள் புரண்டு படுக்கிற சத்தம். விடிந்ததும் இரண்டு டம்ளரில் காபி.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். பெற்ற மகளிடம் கேட்க என்ன வெட்கம்? ஆனால் அந்த வீட்டில் கேட்கிற வேலையெல்லாம் அவருடைய மனைவிதான் பார்த்து வந்தாள். வா என்பது, இரு என்பது, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்பது எல்லாமே அவள் வாயிலிருந்துதான் வரும். அவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவார்.

இப்போது தலையை மட்டும் ஆட்டினால் யாருக்குத் தெரியும்?

சோலார் போட்டார்.

"சார்ஜ் போட ஏற்பாடு பண்ணியாச்சு" என்று போனில் சொன்னார்.

"சரிப்பா" என்றாள்.

அந்தச் சரிப்பாவை வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தார். கரிசல் தூசி படியப் படிய, ஈரத்துணியோடு மாடி ஏறிப் பேனலைத் துடைத்தார். அவள் வருகிற அன்றைக்கு வெயில் ஒரு பொட்டுகூட வீணாகிவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

இறங்கியவள் அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். அவர் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள்.

காரசேவு. சாத்தூர்க் கடையுடையது. இன்னும் சூடு ஆறவில்லை.

சாத்தூரில் மெயின் ரோட்டு ஓட்டல் வாசலில் இப்போது புதிதாகக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். மகராசன்தான் சொல்லியிருந்தான். 

கார்க் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சின்ன டிவி போல ஒரு திரை. அதில் ஒரு பேட்டரிப் படம். விளிம்புவரை பச்சை. கார் ஓட்டத் தெரியாவிட்டால் என்ன, அவருடைய செல்போனிலும் அதே பச்சைதான்.

வழியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாடியில் இருக்கிற அத்தனையும் தண்டம் என்று அவருக்குத் தோன்றியது. அவளைத் தப்பு சொல்ல முடியாது. தூரத்திலிருந்து வருகிறவள், நம்பி வர முடியுமா?

செண்பகா சுவரண்டை போய்க் குனிந்து பார்த்தாள். இஞ்சினியர் பிள்ளை. பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

"ஏம்ப்பா, வேகமா ஏத்துறது கெடைக்கலையா?"

"இதான் இருந்துச்சு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். பொட்டலத்தில் சுற்றியிருந்த நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் நிமிர்ந்தாள். சைக்கிள் நின்ற மூலையைப் பார்த்தாள். தரையில் டயர் கிடந்த தடம் மட்டும் கறுப்பாக இருந்தது. பிறகு அவரைப் பார்த்தாள். 

டிக்கியைத் திறந்து கேபிளை எடுத்தாள். ஒரு முனையைச் சுவரில் செருகினாள். மறுமுனையைக் காரில் மாட்டினாள். 

"சார்ஜ் எவ்வளவும்மா இருக்கு?"

கேட்டுவிட்டார்.

அவள் கார்க் கதவைச் சாத்தினாள். திரை மறைந்தது.

"கொஞ்சந்தாம்ப்பா இருக்கு. நாளைக்கு மத்தியானம் ஆயிரும்போல."

அவர் தலையை ஆட்டினார்.

நாளைக் காலை காபிக்குப் பால் காணாது, இன்னொரு பாக்கெட் வாங்கி வருகிறேன் என்று தெருவில் இறங்கினார். முக்குக் கடை வந்த பிறகுதான் சட்டை போடாமல் வந்தது தெரிந்தது.

காரசேவுப் பொட்டலம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது. இன்னும் சூடாக இருந்தது.