ஒரு ராத்திரிக்கான பை

“கை நடுங்குற ஆளால இந்தப் பையோட ஜிப்பைத் திறக்க முடியுமா, தம்பி?”

மலையேற வந்தவர்கள் விட்டுப்போன சாமான்களை மோஷி சந்தையில் விற்கும் அனாயேலி நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் விலையைத்தான் கேட்டார்கள். மராங்குவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த இந்த மான்கா அக்கா கேட்டதுதான் முதல் நல்ல கேள்வி. குளிரில் கை எப்படி நடுங்கும் என்று, கிளிமஞ்சாரோவில் பத்து வருஷம் சுமை தூக்கியவனுக்குத் தெரியாதா?

வீட்டுக்காரருக்காக என்றாள். திடீரென்று ஒரு ராத்திரி வெளியில் தங்க நேர்ந்தாலும் உயிர் பிழைத்து வரவேண்டும், அவ்வளவுதான். போன மாதம் அப்படித்தான் மழையில் மாட்டிக்கொண்டு, விடியும்போது உதடெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தாராம்.

“இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா ஆள் தாங்க மாட்டார்.”

அனாயேலி முதலில் வெள்ளித்தாள் போர்வையை நீட்டினான். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மான்கா ஒரு உதறு உதறினாள்; ஓரம் கிழிந்தது. அவர் புரண்டு புரண்டு படுப்பவர், சரிப்படாது என்றாள்.

அடுத்து, கயிறு கட்டி விரிக்கும் கூரைத்துணி. அந்த நேரத்தில் முடிச்சுப் போட அவருக்கு நிதானம் இருக்காது என்று அதையும் தள்ளிவிட்டாள். அனாயேலி தலையாட்டினான். மேலே போகப் போகத் தலை சுற்றும், கால் தள்ளாடும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்.

மூன்றாவது, ஆள் நீளத்துக்கு ஆரஞ்சு நிறப் பை. ஜிப் கிடையாது. உள்ளே நுழைந்தால் முகம் மட்டும் வெளியே இருக்கும். வாந்தி எடுத்தாலும் பயமில்லை என்று மான்காவே சொல்லிக்கொண்டாள். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, சந்தை நடுவிலேயே பைக்குள் புகுந்து படுத்தாள்.

“தண்ணி ஊத்து, தம்பி.”

“எல்லாரும் பாக்கறாங்க அக்கா.”

“பாக்கட்டும். ஊத்து.”

“இங்கயே குடிவந்துட்டாங்க போல. வாடகை கேளுடா” என்றான் பக்கத்துச் செருப்புக்கடைக்காரன். அனாயேலி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். மான்கா எழுந்து, பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். பொட்டு ஈரமில்லை.

பை கொஞ்சம் கனம், மலையடிவாரச் சோதனைச் சாவடியில் சுமையை நிறுத்துப் பார்ப்பார்கள் என்று எச்சரித்தான். கனத்தைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. இதே பை பச்சை நிறத்திலும் இருக்கிறது, அழுக்குத் தெரியாதே என்றான்.

“வேணாம். இதுதான் தூரத்துலேர்ந்தே எல்லார் கண்ணுலயும் படும்.”

தேடிப் போகிறவர்களுக்கு வசதி. விவரமான பொம்பளை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே பையைச் சுருட்டிக் கொடுத்தான்.

“அண்ணன் எந்தப் பாதையில ஏறுறார்?”

“ஏறுறதா? அவர் தையல்காரர் தம்பி, மலைப்பக்கமே போனதில்ல.” மான்கா பையைக் கூடையில் வைத்து மூடினாள். “போன மாசம் கள்ளுக்கடையிலேர்ந்து தள்ளாடிக்கிட்டு வந்தவருக்குக் கதவைத் திறக்காம, விடியற வரைக்கும் நான்தான் தூங்காம கிடந்தேன். இன்னிக்கு இதை வெளியில வச்சுப் பூட்டிட்டு, நிம்மதியா தூங்கப்போறேன்.”