அசையாத அழகிகள்

நிச்சயதார்த்தம் முடிந்தபின் முதன்முறையாக அவனுடைய வேலையிடத்துக்கு வந்திருந்தாள். அவளை உட்கார வைத்துச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தான்.

"எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டர் கோத்து, உன்னை அப்படியே முப்பரிமாண உருவமாக்கிடும். அசையாதே!"

"எத்தனை பொண்ணுங்களை இப்படி எடுத்திருக்கீங்க?"

"இருபது பேராவது இருக்கும். ஒருத்திகூட இப்படித் தொணதொணக்கல. அவங்க பல்லு ஒவ்வொண்ணும் முத்து!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோதிரத்தைக் கழற்றினாள்.

"அவளுகள்ல ஒருத்தியையே கட்டிக்குங்க. எங்க இருக்காளுங்க?"

"அந்த அலமாரியில."

திறந்தாள். வரிசையாக மண்டை ஓடுகள் இளித்தன.

"அகழாய்வுல பூமிக்கடியில கிடைச்சவங்க. அடிக்கடி தொட்டா நொறுங்கிடும், அதான் படமெடுத்து உருவமாக்கி ஆராயறோம்," என்றவன் தயங்கினான். "உயிரோட இருக்கிற பொண்ணை இன்னிக்குத்தான் எடுக்கறேன். அவங்க யாரும் அசையவே மாட்டாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மோதிரத்தை அவனிடமே நீட்டினாள்.

"மெதுவா மாட்டிவிடுங்க. நான் அசையல."