ஏழாம் பெட்காரர்

நர்ஸின் கணவருக்கு நாலைந்து நாளாகத் தூக்கமில்லை. ஆசையாகக் கிட்டே போனால், "கொஞ்ச நாள் போகட்டுங்க" என்று மனைவி விலகிப் படுக்கிறாள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "ஏழாம் பெட்காரர் சேதி வந்துச்சா?" என்று மட்டும் தவியாய்த் தவிக்கிறாள்.

இன்று போனை வைத்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கணவருக்கு வயிறு எரிந்தது.

"யாருடி அவன்? உன் மனசுல இடம் பிடிச்சவனா?"

"மனசுல இல்லீங்க, விரல்ல. அவருக்குப் போட்ட ஊசி என்னையும் குத்திடுச்சு. அவர் ரத்தத்துல தொத்து நோய் எதுவும் இல்லைன்னு இப்பதான் சொன்னாங்க."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"ஊசின்னாலே மயங்கி விழுற ஆளாச்சே நீங்க! அப்புறம் உங்களை யார் பார்க்கிறது?"

கணவர் நாற்காலியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

"போகும்போது அந்த மகராசனுக்கு ரெண்டு ஆப்பிள் வாங்கிட்டுப் போம்மா."