நாடி சொன்ன பதில்

"ஆன்ட்டி, அங்கிள், எல்லாரும் கையை நீட்டுங்க! சயின்ஸ் ஹோம்வொர்க்!"

கதவைத் திறந்த அம்மாவை ஏறக்குறைய இடித்துத் தள்ளிக்கொண்டு கீழ்வீட்டுச் சிறுமிகள் இருவரும் உள்ளே பாய்ந்தார்கள். வாயாடிக்குப் பெயர் வாலு; மூக்கில் நிற்காத கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டே இருப்பவளுக்குப் பெயர் கண்ணாடி. அந்தக் குடியிருப்பில் இவர்களின் சொந்தப் பெயரை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

"என்னடி இப்படி மூச்சு வாங்குது? லிஃப்ட் மறுபடியும் நின்னுடுச்சா?"

"ஆமா ஆன்ட்டி. லிஃப்ட் அண்ணா வந்து பார்த்துட்டிருக்காங்க."

"அந்தப் பையன் ரிப்பேர் பண்ற லட்சணம் அப்படி. இன்னிக்குப் பார்த்தா நாளைக்கு நிக்குது," என்று சோபாவிலிருந்து முணுமுணுத்தார் அப்பா.

அம்மா காதில் எதுவும் சரியாக விழவில்லை. இன்னும் சற்று நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் போன் செய்வார்கள். அப்பா சரி என்று சொல்லப் போகிறார். மகளிடம் கேட்டால், "உங்க இஷ்டம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். அவள் மனதில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று பெற்றவளின் உள்மனசு சொல்லிற்று. அதைச் சொன்னால் அப்பா ஒரே போடாகப் போட்டார்: "ஆதாரம் எங்கே?"

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் சரிபார்க்கிறவர் அவர். ஆதாரம் இல்லாமல் மழை பெய்கிறது என்றால்கூட நம்ப மாட்டார்.

"எங்க வீட்ல யாருமே இல்ல அங்கிள், நீங்கதான் ஹெல்ப் பண்ணணும்," என்று வாலு மூச்சுவிடாமல் கேள்வியை ஒப்பித்தாள். "உணர்ச்சி மாறும்போது நாடித்துடிப்பு மாறுமா? மூன்று பேரிடம் சோதித்து எழுதுக!"

சோதனை என்றதும் அப்பாவுக்கு உற்சாகம் பற்றிக்கொண்டது. "நல்ல கேள்வியா இருக்கே! நேரத்தை நான் பார்க்கறேன், நீங்க எண்ணுங்க," என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

கண்ணாடி அவர் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்து எண்ணினாள். "எழுபது."

வாலு அவர் காதருகே குனிந்து கத்தினாள். "கரண்ட் பில்!"

"தொண்ணூறு!"

"அடேங்கப்பா! ரொம்பச் சரி!" அப்பா தொடையைத் தட்டிக்கொண்டார். "போன மாச பில்லைப் பார்த்ததுலேருந்து எனக்குப் படபடப்புதான்."

அம்மாவுக்குக் கரப்பான்பூச்சி. தொண்ணூற்றைந்து. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, அடுத்து நீங்க!" என்றாள் வாலு. 'அக்கா'வைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

ஜன்னலோரம் இருந்த மகள் சிவப்புப் பேனாவை மூடினாள். "எனக்கு வேலை இருக்கு, ஆளை விடுங்க."

"வந்து உக்காரும்மா. மூணு பேர் இல்லாட்டி சோதனையே செல்லாது," என்று அப்பாவே அவளை இழுத்து உட்கார வைத்தார்.

"ஐஸ்கிரீம்!"

"எழுபத்திரண்டு."

"மாப்பிள்ளை!"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடி நிதானமாக எண்ணினாள். "அதே எழுபத்திரண்டு."

"ஒண்ணுகூட ஏறலையா?" அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று.

வாலு எதையோ யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தாள். "லிஃப்ட் அண்ணா!"

"நூத்திப் பத்து!"

"மறுபடி எண்ணு," என்றார் அப்பா.

"நூத்திப் பன்னெண்டு, அங்கிள்!"

அம்மாவுக்கு எண்ணிக்கையே தேவைப்படவில்லை. மகளின் முகம் காது மடல் வரை சிவந்திருந்தது. மூன்று மாதமாக லிஃப்ட் நின்றால் முதலில் போனை எடுப்பவள் இவள்தானே! அடி கள்ளி! அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நிஜமாம்மா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா," என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

போன் அடித்தது. அப்பா மகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நாடி பிடித்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"மன்னிக்கணும். எங்க பொண்ணு மனசுல வேற ஒருத்தர் இருக்கார்... இல்லைங்க, சந்தேகமே இல்லை. என் கண்ணு முன்னாடி சோதிச்சுப் பார்த்தாச்சு."

சிறுமிகள் குதித்த குதியில் மேஜை ஆடியது. மகள் அப்பாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். "சரி சரி, அந்தப் பையனை மேல வரச் சொல்லு. முதல்ல லிஃப்டை ஒழுங்கா ரிப்பேர் பண்ணத் தெரியுமான்னு கேக்கணும்," என்றார் அவர்.

வாசல்வரை வந்து இருவர் கையிலும் சாக்லேட்டைத் திணித்தாள் அம்மா. "இந்தக் கேள்வியைக் குடுத்த மகராசி நல்லா இருக்கணும். ஏண்டி கண்ணாடி, நாடி பார்க்க எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

கண்ணாடி திருதிருவென்று விழித்தாள். "நாடி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது ஆன்ட்டி. எல்லா நம்பரையும் டீச்சர் நேத்தே சொல்லிக் குடுத்துட்டாங்க."

"எந்த டீச்சர்?"

வாலு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் காதோடு காதாகச் சொன்னாள்:

"எங்க புது சயின்ஸ் டீச்சர்தான் ஆன்ட்டி. உங்க வீட்டுக்கு வந்தா மட்டும் அவங்களை அக்கான்னு கூப்பிடணுமாம்!"