நீக்கப்பட்ட நாட்கள்

ஜிபிஎஸ் தூண்கள் அனுப்பும் எண்களை வைத்து, உலகில் நிலம் எங்கெங்கே நகர்கிறது என்று வரைபடம் தயாரிப்பது பெங்களூரில் ஸ்ரீவித்யாவின் வேலை. ஒரு தூண் ஒரே ஒரு நாள் மட்டும் இறங்கியதாகக் காட்டினால், அங்கே தூணின் மேலிருக்கும் ஆன்டெனாவின் உயரத்தை யாரோ தப்பாக அளந்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த நாளை அவள் நீக்கிவிடுவாள்.

2001 மார்ச்சில் ஒரு ஞாயிறு, மாலத்தீவுத் தூண் நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. திங்கள் குமரி, செவ்வாய் மதுரை, புதன் சேலம். எல்லாமே அதே நான்கு சென்டிமீட்டர். நான்கையும் நீக்கினாள்.

வியாழன் காலை, நீக்கிய நாட்களைச் சும்மா வரைபடத்தில் குறித்துப் பார்த்தாள். புள்ளிகள் காலடித் தடங்கள் போலக் கடலிலிருந்து ஏறி, வரிசையாக வடக்கே வந்துகொண்டிருந்தன. சேலத்துக்கு அடுத்து இருந்தது அவளுடைய அலுவலக மொட்டைமாடித் தூண்தான்.

அலுவலக உதவியாளர் கோவிந்தன் அப்போது அங்கேதான் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அவள் படிக்கட்டுக்கு ஓடினாள்.

"கோவிந்தண்ணா, அளந்தது போதும். கீழ வாங்க."

"ஸ்வல்ப இருங்க மேடம். இங்க இருட்டிக்கிச்சு, டேப்புல நம்பர் தெரியல."

படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் மேல் பதினோரு மணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.