உப்புக் கிணற்று உத்தமி

பெண் பார்க்கப் பாலோவில் ரயிலேறிய எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி அருணகிரி, குளுவாங் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தான். கையில் 'உப்புக் கிணற்று உத்தமி', ஐந்தாம் பதிப்பு. கிராமத்துச் சோக நாவல்களைக் கேலி செய்யும் அந்தக் கதையில், கதாநாயகி அழுது அழுதே ஊர்க்கிணறு உப்பாகிவிடும்.

பெண்ணின் அப்பா தில்லைநாயகம் அப்படிப்பட்ட சோக நாவல்களை எழுதுகிறவர் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழைந்தவன் கையில் புத்தகத்தைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது.

"அது என் நாவல்ல வர்ற கிணறு! பேரைக்கூட மறைச்சுக்கிட்டு இதை எழுதினவன் மடையன்னு சொல்லுங்க, மாப்பிள்ளை. அப்புறம்தான் தாம்பூலம்."

கதவோரம் நின்ற சந்திரமதியை அருணகிரி பார்த்தான். கண்ணை எடுக்கவே மனமில்லை. ஆனாலும் பொய் சொல்ல வாய் எழவில்லை.

"மன்னிச்சிடுங்க ஐயா. எத்தனை தடவை படிச்சாலும் எனக்குச் சிரிப்பு அடங்கல. அப்படிச் சொல்ல என்னால முடியாது. நான் வர்றேன்."

செருப்பை மாட்டக் குனிந்தான்.

"அலமாக்! அப்பா, அவரைப் போக விடாதீங்க!" என்று சந்திரமதி ஓடிவந்தாள்.

"உன்னைவிட அந்தப் புத்தகம்தான் பெரிசுன்னு போறாரும்மா. இவரா வேணும்?"

"இவரேதான் வேணும்ப்பா. அதை எழுதினதே நான்தான்."